தாடி இல்லாத தாத்தா

ஒரு தப்பு கண்ணில் பட்டால், வாயை மூடிக்கொண்டு நகர்ந்துபோக உங்களால் முடியுமா?

அவளால் முடியாது. நூலகம் வெளியிடும் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. வேலை முடிந்தால் கை நிற்கும், வாய் நிற்காது. பெண் பார்க்க வந்த மூன்று பேரைத் துரத்தியது அந்த வாய்தான் என்பாள் அண்ணி. நூலகத்தில் அவளுக்குப் பெயரே 'திருத்தம்'.

அன்று மதியம் திடீர் மழை. ஒதுங்கப் புதுக் கூடத்துக்குள் ஓடியவள், திரையை விலக்கிய வேகத்தில் ஏணியில் மோதினாள்.

"ஏங்க... மேல ஒரு ஆள் இருக்கேன்!"

நிமிர்ந்தாள். கருகருவென்று தாடி. அதற்கு மேலே சிரிக்கிற இரண்டு கண்கள்... ஈரமான மழை வெளிச்சம் அப்படியே அதில் தேங்கி நின்றது. சுவர் ஓவியன். நாளை திறக்கும் கண்காட்சிக்கு வரைகிறவன்.

உயிர்கள் மெல்ல மெல்ல மாறித்தான் இன்றைய உருவத்துக்கு வந்தன என்று எழுதி உலகத்தை உலுக்கிய இயற்கை ஆராய்ச்சியாளரைப் பற்றிய கண்காட்சி அது. அவர் புத்தகங்கள், அவரைக் கிண்டல் செய்த கார்ட்டூன்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. நூலகத்தில் எல்லோருக்கும் அவர் 'தாத்தா'. சுவரில் அவர் கப்பலேறிக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்...

"தாடி தப்பு," என்றாள்.

"என்னது?"

"கப்பலேறும்போது அவருக்கு வயசு இருபத்திரண்டு. இந்த வெள்ளைத் தாடி முப்பது வருஷம் கழிச்சு வந்தது."

"எல்லாப் புத்தக அட்டையிலயும் தாடியோடதாங்க இருக்காரு. தாத்தாவுக்குத் தாடி இல்லாம எப்படி?"

"அவர் என்ன, தாத்தாவாவே பொறந்தாரா?"

கண்ணில் இருந்த சிரிப்பு அணைந்தது. "பதினாறு நாள் வரைஞ்சிருக்கேன். நாளைக்குத் திறப்பு. இப்ப வந்து சொல்றீங்க."

தூரிகையை டப்பாவில் போட்டான். இறங்கினான். கொட்டுகிற மழையிலேயே நடந்து போய்விட்டான்.

போச்சு... நாலாவது ஆள். சேச்சே, இவன் என்ன பெண் பார்க்கவா வந்தான்? அப்புறம் எதுக்கு நெஞ்சு இப்படிக் கனக்குது?

உட்கார முடியவில்லை. அலமாரி அலமாரியாகத் தேடி ஒரு பழைய புத்தகத்தை எடுத்துவந்து ஏணிக்குக் கீழே காத்திருந்தாள். ஒரு மணி நேரம் போனது. வாசலில் யாரோ ஒருவன் தொப்பலாக நனைந்து நின்றான். மழமழவென்ற முகம்.

"நாளைக்குத்தாங்க திறப்பு. யார் வேணும்?"

"தாத்தா வேணும்."

அந்தக் குரல்... அந்தக் கண்கள்!

"தாடி எங்க?"

"சலூன்ல. இருபத்திரண்டு வயசு முகத்துக்கு நான் எங்க போவேன்? கைவசம் என் முகம்தான் இருந்துச்சு. கண்ணாடி பாத்து வரையலாம்னு..."

அவள் தயங்கித் தயங்கிப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். தாத்தாவின் முப்பது வயதுப் படம். கிருதா மட்டும், தாடி இல்லை.

"அடிப்பாவி! பத்து வருஷத் தாடிங்க அது!"

"வளரும்..." என்றவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவன் ஏணியில் ஏறினான். வெள்ளைத் தாடிக்குள் இருந்து ஒரு தாடை வந்தது, கூச்சப்படுகிற ஓர் உதடு வந்தது. அவள் தன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன? சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"உதட்டைக் கடிச்சா ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"இடது காது... கொஞ்சம் ஏறியிருக்கு."

பின்னால் சாய்ந்து பார்த்தான். "ஆமா." காதை இறக்கினான். "எனக்குப் பட்டுனு கோவம் வரும். கொஞ்ச தூரம் நடந்தா போயிடும். அதுக்காக நீங்க சொல்றதை நிறுத்திடாதீங்க."

"நீங்க போனதும்... திரும்பி வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"சுவர் பாதியில நிக்குமேன்னா?"

"சுவருக்காக இல்ல..."

தூரிகை நின்றது.

"ஏணி மேல நின்னா உங்க ஜன்னல் தெரியும்," என்றான் சுவரைப் பார்த்தபடியே. "பேனாவைக் கடிச்சுக்கிட்டு நீங்க படிக்கிறதும் தெரியும். பதினாறு நாளா பார்வை அங்கதான். அதான் தாத்தா வயசுல கோட்டை விட்டுட்டேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

அந்த வாக்கியத்தில் அவளுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. எத்தனையோ வருஷமாக உள்ளே நின்றிருந்த ஒரு மூச்சு, அப்பாடா என்று வெளியே வந்தது.

"எனக்கும்," என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குத் திரையை விலக்கினார்கள். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அவளும் அவனும் கடைசி வரிசையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.