ஆயிரம் பேர் வாழும் பட்டினம்

நடுவில் இருந்த மாம்பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

சிறாஜ் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனான். நாலாவது கணினி. அதற்குள் ஒரு சந்தைத் தெரு, தெருவில் ஒரு பழக்கடை, கடைப் பலகையில் ஏழு மாம்பழங்கள். மூன்று மாதமாக அவன் இந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே எதுவுமே மாறியதில்லை. திரையில் அழுக்குப் பிடித்திருக்கிறதாக்கும் என்று சேட்டு நுனியால் துடைத்தான். புள்ளி போகவில்லை. காம்புக்குக் கீழே, மிளகளவில், ஓரம் மெல்லப் பழுப்பாகி, அது பழத்துக்குள்ளேதான் இருந்தது.

வெளியே கார்த்திகை மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வவுனியாக் கடைத்தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அறையில், 2003இல் சிறாஜ் இந்தக் கேம் சென்ரரைத் தொடங்கினான். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட 1990இல், பதினைந்து வயதில் முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்டு, புத்தளம் முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவன் அவன். அங்கே ஒரு கடையின் பின்னறையில்தான் முதன்முதலாகக் கணினி விளையாட்டைப் பார்த்தான். ஒரு ஊரையே பெட்டிக்குள் வைத்திருக்கலாம் என்ற எண்ணம் அன்று பிடித்தது. பிறகு விடவேயில்லை.

‘ஆயிரம் பேர் வாழும் பட்டினம்’ பற்றி ஊருக்கு முதலில் சொன்னவனும் அவன்தான். கொழும்பிலிருந்து வந்த ஒரு சஞ்சிகையில் இரண்டு பக்கத்துக்கு விளம்பரம் போட்டிருந்தார்கள். கடலோரம் ஒரு பட்டினம். அதில் ஆயிரம் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு தொழில், ஒரு கோபம். மரம் வளரும், பிள்ளைகள் பெரியவர்களாவார்கள், கடலில் வலை போடலாம். நீங்கள் வராத நாட்களிலும் அவர்கள் வாழ்ந்துகொண்டிருப்பார்கள். சிறாஜ் அந்தப் பக்கங்களை வெட்டிச் சுவரில் ஒட்டினான். வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினான். இரண்டு வருடம் காத்திருந்தான்.

ஆவணியில் சீடி வந்தது. முதல் நாளே எல்லாம் முடிந்துவிட்டது. ஆயிரம் பேரில் முப்பது பேர்தான் இருந்தார்கள். அவர்களும் நட்ட கட்டைகள் மாதிரி நின்ற இடத்தில் நின்றார்கள். யாருக்குக் கிட்டப் போனாலும் “நல்ல நாள், ஐயா” என்று ஆங்கிலத்தில் ஒரே குரலில் சொன்னார்கள். கதவுகள் சுவரில் வரைந்த கதவுகள். பார்க்க வந்திருந்த றெஜி திரையில் தெரிந்த கடலை விரலால் தட்டினான்.

“நானா, இது கடலில்லை. நீலத் தறப்பாள்.”

றெஜிக்கு இருபத்துநாலு வயது. மூத்தவனான சிறாஜை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான். முல்லைத்தீவுக் கரையோரத்தவன். போன மார்கழிச் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு அவன் வள்ளத்தில் கால் வைக்கவில்லை. ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றி வவுனியாவுக்கு லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். கணினிப் பெட்டிக்குள் இருக்கும் கடலையாவது ஒருக்கால் பார்ப்போம் என்றுதான் அவனும் காத்திருந்தான்.

ஒரு கிழமையில் எல்லோரும் பழையபடி கிரிக்கெட்டுக்கும் கார் ஓட்டத்துக்கும் திரும்பிவிட்டார்கள். சிறாஜால்தான் விட முடியவில்லை. ஒவ்வொரு நாளும் நாலாவது கணினியில் அந்தத் தெருவைத் திறந்து, ஏதாவது ஒன்று அசையாதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது ஒன்று அசைந்திருந்தது.

மறுநாள் அந்தப் புள்ளி ஐஞ்சு சதக் குற்றிக் காசளவு. அடுத்த நாள் பழம் ஒரு பக்கம் குழிந்து, தோல் சுருங்கி, அதன் கீழே பலகையில் ஈரம் பரவியிருந்தது. இரவெல்லாம் கணினி நிறுத்தித்தான் இருந்தது. அப்படியிருந்தும், அவன் வராத நேரத்திலும், அது நடந்துகொண்டிருந்தது! சிறாஜ் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைத் திரும்பிப் பார்த்தான். பொய் சொல்லவில்லை அவர்கள். வேலை செய்கிறது.

வியாழக்கிழமை றெஜி வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். அதற்குள் பழுதாகுதல் மீன்கடைக்கும் வந்திருந்தது. மீன்களின் கண்கள் பால் நிறமாகி உள்ளே இறங்கியிருந்தன. வயிறுகள் ஊதி, ஒன்று வெடித்து, வெடித்த இடத்தில் வெள்ளையாக என்னவோ நெளிந்தது. றெஜி கிட்டக் குனிந்தான். புழுக்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வளையம், தனித்தனியே மினுக்கம், முன்பக்கத்தில் ஊசிமுனையளவு கறுத்த வாய். ஒன்று ஏறி மற்றது வழுக்கியது. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

றெஜி வாயைப் புறங்கையால் துடைத்தான். “இவ்வளவும் செய்யத் தெரிஞ்சவன் ஏன் நானா கடலைச் செய்யேல்லை?”

அருவருத்துக்கொண்டே கேட்டான், ஆனால் போகும்போது ஒரு பிரதி அடித்துக்கொண்டு போனான். அவனுடைய மச்சான் வீட்டில் ஜெனரேற்றரில் ஓடும் ஒரு கணினி இருந்தது. அழுகுகிற மீனாவது மீன்தானே என்றான்.

அடுத்த கிழமை பட்டினத்து மனிதர்களுக்கும் அழுகல் தொடங்கியது.

அவர்களுக்குச் சாப்பிடத் தெரியாது என்பது சிறாஜுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டையும் உறக்கத்தையும் வளர்ச்சியையும் யாரும் செய்துமுடிக்கவில்லை. செய்துமுடித்தது இது ஒன்றைத்தான். பழக்காரனின் உதடுகள் காய்ந்து பின்னே இழுபட்டு, பல்லும் முரசுச் சதையும் வெளியே தெரிந்தன. மீன்காரியின் உள்ளங்கை அவள் பிடித்திருந்த மீனோடு ஒட்டி, எது தோல் எது செதில் என்று தெரியாமல் கலந்து வழிந்தது. கிட்டப் போனால் அவர்கள் இன்னும் “நல்ல நாள், ஐயா” என்றார்கள். ஆனால் குரல் இப்போது சளி நிறைந்த தொண்டையிலிருந்து, நனைந்த துணியைப் பிழிவதுபோல, சொல்லுக்குச் சொல் ஒட்டி ஒட்டி வந்தது.

ஒவ்வொரு காலையும் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரையின் பக்கம் திரும்பியிருந்தார்கள். அந்தப் பட்டினத்தில் நடமாடத் தெரிந்தவன் சிறாஜ் ஒருவன்தான்.

பிறகு மணம் வந்தது. முதலில் செத்த பல்லி என்று நினைத்தான். மேசைகளை இழுத்துப் பார்த்தான், கணினியைக் கழற்றித் தூசு தட்டினான், மூலைக்கு மூலை டெற்றோல் ஊற்றிக் கழுவினான். டெற்றோலுக்கு மேலாக அது எழுந்து வந்தது. இனிப்பாக. கொழுப்பாக. நாக்கின் அடியில் வந்து படிந்து, எச்சில் விழுங்கினால் கூடவே இறங்குகிற ஒரு மணம். விளையாட வந்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள்.

புதன்கிழமை மத்தியானம் பரீனா சோறு கொண்டு வந்தாள். அவனுடைய மனைவி, கல்யாணமாகி ஆறு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் வயிற்றில் ஐந்து மாதம். இதற்கு முதல் இரண்டு தரம் தங்காமல் போயிருந்தது. அதனால் படியேறவே வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அவள் கேட்கவில்லை. வாசலில் நின்றவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“யா அல்லாஹ். என்னங்க செத்துக் கிடக்குது?”

அவன் பதில் சொல்லுமுன் அவள் திரையைப் பார்த்துவிட்டாள். முப்பது பேரும் கண்ணாடிக்கு முன்னால் வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நேற்று அப்படி நிற்கவில்லை. தெரு தெரியவில்லை, கடை தெரியவில்லை. முகங்கள் மட்டும். ஒருவனின் கன்னம் மற்றவளின் காதோடு ஒட்டியிருந்தது. மூக்குத் துவாரத்திலிருந்து புழு ஒன்று தலையை நீட்டி, சுற்றிப் பார்த்து, திரும்ப உள்ளே போனது.

பரீனா யன்னலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய கண்ணில் கோபம்தான் இருந்தது.

“புள்ளத்தாச்சி வந்து போற இடத்துல இந்தக் கண்றாவிய வச்சிப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா? அழிங்க.”

“இன்னும் ரெண்டு நாள் பாப்பம் பரீனா. இதுக்குப் பிறகு என்ன வருமெண்டு...”

“இதுக்குப் பிறகு என்ன வரும்? தள்ளுங்க.”

அவளுக்குக் கணினி தெரியும். கடைக் கடிதங்களை அவள்தான் தட்டச்சுச் செய்வாள். மேசை விளிம்பில் வயிறு முட்ட நெருங்கி நின்று, விளையாட்டை மூடி, அது இருந்த கோப்பைத் தேடிப் பிடித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. அவள் பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று ஓடி நிறைந்தது. சீடியையும் எடுத்து இரண்டாக முறித்து மழையில் எறிந்தாள்.

மணம் நின்றது. அப்படியே, குழாயைப் பூட்டினதுபோல. சிறாஜ் மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தான். ஈர மண்ணின் வாசம்தான் வந்தது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. கொஞ்சம் அழுகையும் வந்தது. சோற்றுப் பார்சலை அவிழ்த்து இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

அன்று பின்னேரம் பேக்கரியில் சுடச்சுடப் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். குசினியில் வைத்துப் பிய்த்தபோது நடுவில் பச்சை நூல் ஓடியிருந்தது. பாணின் சூடு இன்னும் ஆறவில்லை. பிழையான மாவு என்று தூக்கி எறிந்தான். அடுத்த நாள் பரீனா காலையில் வைத்த மீன் குழம்பு பத்து மணிக்கு நுரை கட்டியிருந்தது. மூடியைத் திறந்தவன் வீட்டின் பின்கோடிக்குள் ஓடிப்போய் ஓங்காளித்தான்.

“உங்களுக்குத்தான் எல்லாம் நாறுது,” என்று அவள் சிரித்தாள். “எனக்குப் பாருங்க, வயித்துப் பிரட்டல் எல்லாம் நிண்டுட்டு. நல்லாப் பசிக்குது.”

திரும்பி வந்தபோது அவள் அந்தக் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் நூல் நூலாக இழுபட்டது. அவள் அதை நக்கிக்கொண்டாள். அவன் சோற்றுக் கோப்பையைப் பறித்தான். அவள் முகம் சுண்டிப்போனது, பசித்த பிள்ளையிடம் பறித்ததுபோல.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு றெஜி கடைப் படியேறி வந்தான். லொறியைக் கொண்டுவரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தான். முகம் சாம்பலாக இருந்தது. வலது கையைப் பிளாஸ்ரிக் பையால் மூடி, மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். அவனோடு சேர்ந்து அந்த மணமும் படியேறியது.

“ஓமந்தையில செக் பண்ணின ஆமிக்காரங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ எண்டு விட்டுட்டாங்கள் நானா.” அவன் கதிரையில் இருந்தான். “நீங்கள் அதை அழிச்சுப்போட்டியளோ?”

“ஓம். புதன்கிழமை.”

றெஜி கண்ணை மூடிக்கொண்டான். “நான் திங்கள் அழிச்சனான். அது உள்ளுக்கை இருந்தவரைக்கும் உள்ளுக்கைதான் அழுகினது. இப்ப அதுக்கு இருக்க இடமில்லை.”

“என்ன கதைக்கிறாய் நீ?”

றெஜி பையைத் தூக்கிக் காட்டினான். உள்ளே விரல்கள் இருந்த இடத்தில் விரல்களின் வடிவம் மட்டும் இருந்தது. பையின் மூலையில் மஞ்சள் நீர் தேங்கியிருந்தது. அவன் கை ஆடியபோது அந்த வடிவமும் ஆடி, மெல்லச் சரிந்து, மூலைக்கு இறங்கியது.

“இந்தக் கையாலதான் அழுத்தினனான். நோகேல்லை நானா. அதுதான் பயமாக் கிடக்கு. கொஞ்சமும் நோகேல்லை.” அவன் சிறாஜின் மடியைப் பார்த்தான். “உங்கட கையைக் காட்டுங்கோ.”

சிறாஜ் இரண்டு கையையும் விரித்தான். சுத்தமான கைகள்.

“அப்ப நீங்கள் அழிக்கேல்லையோ? ஆர் நானா அழிச்சது?”

சிறாஜ் எழுந்தான். கதிரை பின்னால் விழுந்தது.

சைக்கிளை எடுத்தான். மழை. முகத்தில் மழை. சந்தியில் யாரோ கத்தினார்கள். செயின் கழன்றது. கீழே போட்டுவிட்டு ஓடினான். வாய்க்குள் ஓதிக்கொண்டு ஓடினான், பாதியில் ஓதல் மறந்தது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

குசினியில் அவள் நின்றாள்.

“கையக் காட்டு.”

“என்னங்க இது, நனைஞ்சு போய்...”

“கையக் காட்டு பரீனா!”

அவள் பயந்துபோய் நீட்டினாள். அவன் பிடித்தான். திருப்பினான். ஒவ்வொரு விரலாக அழுத்தினான். இறுக்கமான விரல்கள். நகத்தில் மருதோன்றி. முகர்ந்தான். சவர்க்கார வாசம். மறுபடி முகர்ந்தான். சவர்க்காரம்தான். அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். அவளுடைய கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதான்.

“பைத்தியமா உங்களுக்கு?” அவள் அவன் தலையைத் துடைத்துவிட்டாள். பிறகு குரல் மாறியது. தாழ்ந்து, கூச்சத்தோடு, மகிழ்ச்சியோடு. “உங்களுக்குச் சொல்லத்தான் பாத்துக்கிட்டு நிண்டன். புள்ள அசையுதுங்க. காலையிலயிருந்து. முதல் தரம்.”

அவன் நிமிர்ந்தான். அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்தது.

“இஞ்ச, கை வச்சுப் பாருங்க.”

அவள் அவனுடைய கையை எடுத்து வயிற்றில், சேலைக்கு மேல் வைத்தாள். துணி ஈரமாக இருந்தது. கீழே சூடு.

அசைந்தது.

அசைந்தது ஒன்றல்ல.

சின்னச் சின்னதாக. நூறு. அதற்கும் மேலே. ஒன்று ஏறி, ஒன்று வழுக்கி. உள்ளங்கை முழுக்க.

“தெரியுதா?” என்றாள் பரீனா.

அவன் கையை இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. அன்போடு, சிரித்துக்கொண்டே, இரண்டு கையாலும் அதை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள். அவனுடைய விரல்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், மெல்ல, சேலையோடு சேர்ந்து உள்ளே இறங்கின.