நாஜர் தட்டில் முதல் வாய்

அந்த வீட்டு முற்றத்தில் ஒன்பது வருஷமாக இரண்டு அடுப்புகள் எரிந்தன. ஒன்று மல்கீத் கௌருடையது. மற்றது அவள் கணவர் அஜைப் சிங்குடையது. அவருடைய இரும்புச் சட்டி, இரும்புத் தவா, தண்ணீர் வாளி எதையும் அவள் தொடக் கூடாது. அவர் அமிர்தம் குடித்து தீட்சை பெற்றவர், அவள் பெறாதவள். அவர் சேர்ந்திருந்த குழுவில், அமிர்தம் குடிக்காதவர் கைபட்டதைச் சாப்பிட மாட்டார்கள். அது கட்டின பெண்டாட்டியின் கையாக இருந்தாலும் சரி!

ஐம்பத்தாறு வயசு மனிதர் தினமும் குந்தி உட்கார்ந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பாதி வெந்தும் பாதி கருகியும் இரண்டு ரொட்டி போட்டுத் தின்பார். ஊருக்கே ரொட்டி சுட்டுப்போட்டவள் நாலடி தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று குரு அர்ஜனின் தியாக நாள். காலை ஆறு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. மல்கீத் குளித்து, வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, இருபத்தைந்து வருஷமாக, விசேஷ நாளென்றால் குருத்வாராவில் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் சமையற்கட்டில் பெரிய தவாவுக்கு முன்னால் அவள்தான் உட்காருவாள்.

"எங்க கிளம்பிட்ட?" அஜைப் சிங் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எங்கயா? லங்கருக்குத்தான். எண்ணூறு பேர் வருவாங்களே..."

"நீ சமையற்கட்டுக்குள்ள வரக் கூடாது."

அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "என்ன சொல்றீங்க?"

"நேத்து கமிட்டியில முடிவாயிடுச்சு. லங்கர் பொறுப்பு இனிமே எனக்கு. அமிர்தம் குடிச்சவங்க மட்டும்தான் மாவைத் தொடணும், பருப்பைத் தொடணும். மத்தவங்க செருப்பு எடுத்து வைக்கலாம், தரை கூட்டலாம்."

"குரு வீட்டு அடுப்பு யாரையும் அப்படிக் கேட்டதில்லையேங்க! கை கால் கழுவிட்டு, தலையை மூடிட்டு, நாமம் சொல்லிட்டு வர்ற யாரும் செய்யலாம்னுதானே கிரந்தம் படிக்கிற ஞானிஜி சொல்வாரு..."

"ஞானிஜி சொல்வாரு! கமிட்டியில கையைத் தூக்கினது ஏழு பேர்." அவர் தவாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, புகையினால் மட்டும் இல்லை. "உனக்கு நான் வழி விடலையா? அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதானே அமிர்தம் குடிக்கப் போனோம்? அமிர்தம் கொடுக்கிற ஐவர் முன்னால, ஊரே பார்க்க, வரிசையிலிருந்து எந்திரிச்சுப் போனியே! ஏன்? ஒன்பது வருஷமா கேட்கிறேன். ஒரே ஒரு தடவை சொல்லு..."

மல்கீத் தரையைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்ட! அடுத்த மாசம் அமிர்தம் நடக்குது. குடிச்சிட்டு உள்ள வா. முடியாதுன்னா நான் துணிமணியை எடுத்துக்கிட்டு குருத்வாராவுலயே தங்கிக்கிறேன். அப்புறம்... நாஜரையும் இனிமே வச்சிருக்க முடியாது. லூதியானா பக்கம் ஒரு மனநல இல்லத்துல பேசிட்டேன். நாள் பூராவும் கொட்டகையில அவன்கூட உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சு."

நாஜர் சிங் அவருடைய தம்பி. மனசு கலங்கிப்போனவன். வீட்டுக்குப் பின்னால், எருமைக் கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தான். மல்கீத்தான் அவனுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோவாள். தம்பிக்கு எந்தச் சாக்கில் வெறி வருமோ என்று அஜைப் சிங் அந்தப் பக்கமே போவதில்லை.

'சொல்லிவிடு' என்றது மனசு. ஒரே ஒரு வாக்கியம்... சொன்னால் அவள் மேல் இருக்கும் பழி போய்விடும். ஆனால் அதைக் கேட்டபிறகு இந்த மனுஷன் எப்படி உயிரோடு நடமாடுவார்? நாஜரை எந்த முகத்தோடு வீட்டில் வைத்துக்கொள்வார்? மாமியார் கடைசி மூச்சில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது நினைவுக்கு வந்தது. "அஜைபுக்குத் தெரியவே கூடாதுடி மல்கீத்து... தெரிஞ்சா அவன் செத்துருவான்..."

அவள் நாஜருக்குக் காலைச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, பேசாமல் தெருவில் இறங்கினாள்.

குருத்வாராவில் சமையற்கட்டு வாசலிலேயே ஜீதோ நின்றுகொண்டிருந்தாள். அஜைப் சிங்குக்கு ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி. போன வருஷம்தான் அமிர்தம் குடித்தாள். அதற்குள் ஏழு பிறவியாகக் குடித்தவள் மாதிரி நடந்துகொள்வாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க... இந்தப் படிக்கு இந்தப் பக்கம் நீங்க வரக் கூடாதாம். அத்தான் சட்டம்!"

"தெரியும்டி. தவா சூடானதும் கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாரு. அது நடுவுல சீக்கிரம் காஞ்சிடும்..."

"அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம். உங்களுக்கு இதுல நம்பிக்கை இருந்தா அன்னைக்கே ஐவர் முன்னாலேருந்து எந்திரிச்சு ஓடியிருப்பீங்களா? மனசுல என்ன அழுக்கு இருந்துச்சோ! நான் கேட்கலப்பா, ஊரு கேட்குது."

பின்னால் நின்ற அஜைப் சிங்குக்கு அது காதில் விழுந்தது. அவர் ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. "மல்கீத், போ! வாசல்ல நின்னு கூட்டம் சேர்க்காதே" என்றார், எல்லோரும் கேட்க.

அவளோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள், வருஷக்கணக்காக மாவு பிசைந்த கைகள், அப்படியே திரும்பினார்கள். உள்ளே ஆறே பேர் மிஞ்சினார்கள். மல்கீத் செருப்பு வைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். வந்தவர்களின் செருப்பை வாங்கித் துப்பட்டா முனையால் துடைத்து அடுக்கினாள். அதிலும் அவளுக்குக் குறைவில்லை. குரு வீட்டில் எந்த வேலையும் தாழ்வில்லை. ஆனால் உள்ளேயிருந்து ரொட்டி கருகுகிற வாசனை வந்தபோது மட்டும் கண்ணில் நீர் முட்டியது.

பதினொரு மணிக்கு நாஜருக்குச் சாப்பாடு கொடுக்க வீட்டுக்குப் போய் வர வேண்டும். அதற்குள் டிராக்டர் டிராக்டராக ஜனம் வந்து இறங்கியது. ரொட்டி போதாமல் பந்தி நின்று நின்று நடந்தது. எழுந்திருக்க நேரமில்லை. மணி ஒன்றாகிவிட்டது.

நாஜர் பசி தாங்காமல் அண்ணியைத் தேடி வந்துவிட்டான். வெறுங்காலோடு வந்ததால் செருப்பு வைக்கும் பக்கம் அவன் வரவில்லை. யாரோ அவன் தலையில் காவித் துணியைக் கட்டிவிட்டு, பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளே சத்தம் கேட்டுத்தான் மல்கீத் எழுந்து ஓடினாள்.

வரிசை நடுவில் நாஜர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தட்டில் பருப்பும் பாயசமும் அப்படியே இருந்தன. ரொட்டிக் கூடையோடு அஜைப் சிங் எதிரே நின்றார்.

"கையை நீட்டுடா! ரொட்டி வாங்கிக்கோ."

நாஜர் இரண்டு கையையும் கக்கத்தில் ஒளித்துக்கொண்டான்.

"ஊரே பார்க்குது நாஜர்... சாப்பிடு." அஜைப் சிங் குனிந்து ரொட்டியைத் தட்டில் வைத்தார். நாஜர் தட்டைத் தள்ளினான். பருப்பில் பாதி பாயில் கொட்டியது.

"குரு வீட்டு அன்னத்தையா தள்ளுற?" அவர் தம்பியின் தோளைப் பிடித்து இழுத்தார். "போதும்டா. எல்லாம் போதும். நாளைக்கே உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன். எந்திரி!"

"விடுங்க அவனை!"

மல்கீத் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவள் நாஜர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டை இழுத்து, ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, அவன் தட்டுப் பருப்பிலேயே தோய்த்துத் தின்றாள். பாயசத்தில் விரலை விட்டு நக்கினாள். "பார்த்தியா? அண்ணி சாப்பிட்டேன். நீ சாப்பிடு ராஜா."

நாஜர் அவள் தொண்டையையே பார்த்தான். அவள் விழுங்கியதும் தட்டின் மேல் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்ன ஆரம்பித்தான்.

"ஐயோ, எச்சில்!" என்றாள் ஜீதோ சமையற்கட்டு வாசலிலிருந்து.

ஞானி ஹர்தித் சிங் மெதுவாக முன்னால் வந்தார். அமிர்தம் கொடுத்த அந்த ஐவரில் அவர் ஒருவர். "மகளே, தினமும் இப்படித்தானா?"

அவள் தட்டை நாஜர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்தாள்.

"அன்னைக்கு நான்தான் விதிகளைப் படிச்சேன். அமிர்தம் குடிக்காதவங்களோட ஒரே தட்டுல சாப்பிடக் கூடாது, அவங்க எச்சிலைத் தொடக் கூடாதுங்கற வரி வந்ததும் நீ எந்திரிச்சுட்ட. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதுக்காகவா?"

அஜைப் சிங் கூடையைக் கீழே வைத்தார். "இவ சாப்பிட்டாத்தான் அவன் சாப்பிடுவானா? ஏன்? மல்கீத், ஏன்?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்ங்க..."

"இங்கயே சொல்லு!"

"ஒண்ணுமில்ல... அவனுக்கு ஒரு பழக்கம்... குழந்தை மாதிரி..."

வாய் நிறைய ரொட்டியோடு நாஜர் நிமிர்ந்தான். "அண்ணன் விஷம் வச்சிருவார். நிலத்துக்காக. பால் டம்ளர் அடியில வெள்ளையா இருந்துச்சு, நான் பார்த்தேன். அம்மா முதல்ல சாப்பிட்டாங்க, இப்ப அண்ணி சாப்பிடறாங்க. அதான் நான் இன்னும் சாகல."

மல்கீத் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒன்பது வருஷம் எதைக் கட்டிக் காத்தாளோ அது எண்ணூறு பேர் முன்னால் உடைந்துவிட்டது.

"அது... மாத்திரைடா!" அஜைப் சிங்கின் வாய் கோணியது. "டாக்டர் குடுத்த தூக்க மாத்திரை... நீ பத்து நாளா தூங்கலன்னு நான்தான் பொடி பண்ணிப் போட்டேன்... சொன்னா குடிக்க மாட்டேன்னு சொல்லாம போட்டேன்... ஐயோ, வாஹேகுரு!"

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷமா தெரியுமா?"

"தெரியும்." அவளுக்கு அழுகை பீறிட்டது, இனி அடக்கி என்ன! "அஞ்சு நாள் பச்சைத் தண்ணி குடிக்காம கிடந்தானே, அப்ப அத்தை கண்டுபிடிச்சாங்க. சாகும்போது என் கையில ஒப்படைச்சுட்டுப் போனாங்க. நான் பொய் சொல்லி அமிர்தம் குடிச்சிருக்கலாம்ங்க! கொட்டகைக்குள்ள யாரு வந்து பார்க்கப் போறா? ஆனா குரு முன்னால மாட்டேன்னு சொல்லிட்டு, அன்னைக்கு மத்தியானமே அவன் தட்டுல கை வைக்க எனக்கு மனசு வரல. உங்ககிட்ட சொல்லியிருக்கலாம்... தூக்கி வளர்த்த தம்பி உங்களைக் கொலைகாரன்னு நினைக்கிறான்னு எந்த வாயால சொல்லுவேன்? நீங்க புகையில உட்கார்ந்து தனியா ரொட்டி சுட்டு திங்கறப்பல்லாம் இங்க... இந்த நெஞ்சுல தவாவை வச்ச மாதிரி இருந்துச்சு..."

அஜைப் சிங் நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதார். பிறகு பாயில் கொட்டிய பருப்பின் மேலேயே தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் கை தட்டை நோக்கிப் போனது.

"அஜைப் சிங், யோசிச்சுச் செய்!" என்று அவர் குழுவைச் சேர்ந்த ஒருவர் குரல் கொடுத்தார். "விதி மீறினவனாயிடுவ!"

"தெரியும். ஐவர் முன்னால நின்னு தண்டனை கேட்டு வாங்கிக்கறேன்."

நாஜர் தின்றுகொண்டிருந்த தட்டிலிருந்து, அவன் கடித்து வைத்த ரொட்டியை எடுத்து, அஜைப் சிங் வாயில் போட்டு மென்றார்.

நாஜர் தின்பதை நிறுத்தினான். அண்ணனையே உற்றுப் பார்த்தான். "முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன்டா."

"வாயைத் திற."

ஊரே நடுங்குகிற அஜைப் சிங் குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டினார். நாஜர் எட்டிப் பார்த்தான். வெகுநேரம் யோசித்தான். பிறகு தட்டைத் தனக்கும் அவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தான்.

"ரொட்டி! ரொட்டி வரலியே!" பந்தியின் கடைசியில் விஷயம் தெரியாத யாரோ கூப்பிட்டார்கள். எல்லோர் கண்ணும் சமையற்கட்டுப் பக்கம் போனது. ஆறு பெண்களும் வேர்த்து விறுவிறுத்து, கை ஓய்ந்து நின்றார்கள்.

ஞானிஜி மல்கீத்திடம், "போ மகளே, உள்ளே போ" என்றார்.

மல்கீத் நகரவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "காலையில எல்லார் முன்னாலயும் என்னைப் போன்னு சொன்னவர் அவர், ஞானிஜி. அவர் வரச்சொன்னா போறேன். எனக்கு மட்டும் இல்ல... திரும்பிப் போனாங்களே, அவங்க எல்லாருக்கும்."

அஜைப் சிங் எழுந்து படிவரைக்கும் வந்து நின்றார். அவர் போட்ட சட்டப்படி அதைத் தாண்ட இப்போது அவருக்கே உரிமையில்லை. கையைக் கூப்பினார். "மல்கீத் கௌர்ஜி... உள்ள வாங்க. எல்லாரும் வாங்க. குரு அடுப்புக்கு நான் பூட்டுப் போட்டேன்... தப்பு என் பேர்ல."

கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவளை 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. அவள் கை கழுவிக்கொண்டு படியைத் தாண்டினாள். அவள் பின்னால் அந்த ஏழெட்டுப் பெண்களும் தாண்டினார்கள். ஜீதோ தலையைக் குனிந்து மாவுப் பாத்திரத்தை நகர்த்தி இடம் விட்டாள். "அக்கா, நான் வாய்க்கு வந்தபடி..."

"அப்புறம் அழுவலாம்டி, முதல்ல விறகைத் தள்ளு."

தவாவில் மளமளவென்று ரொட்டி விழுந்தது. தலையை நிமிர்த்தினால் ஜன்னல் வழியே பாத்திரம் கழுவும் தொட்டி தெரிந்தது. தண்டனை சொல்லும்வரை காத்திருக்காமல் அஜைப் சிங் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாம்பலால் தட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாஜர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தட்டாக வாங்கி அலசினான். நடுநடுவே குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"நீ சாகலையே, அண்ணா?"

"இல்லடா... சாகல."

பத்துத் தட்டு கழிந்து மறுபடியும் கேட்டான். அஜைப் சிங் சாம்பல் கையோடு தம்பியின் தலையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். "சாகலடா ராஜா... சாகல..." அவர் தோள் குலுங்கியது. நாஜர் அண்ணன் முதுகில் ஈரக் கையால் தட்டிக்கொடுத்தான்.

மல்கீத் ரொட்டி போடத் தூக்கிய கையோடு, ஜன்னலைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டாள்.

"அக்கா, ரொட்டி தீயுது!" என்று ஜீதோ கத்தினாள்.

"தீயட்டும்டி" என்றாள் மல்கீத். "ஒண்ணுதானே."