மறதிக்கூடத்து வாசலில் ஒரு பதில்

மறதிக்கூடத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "நல்லா இருந்துச்சா?" அதற்கு நான் ஒரே ஒரு பதில் சொல்லலாம். "ஓம், நல்லா இருந்தது." இருபத்தாறு வருடமாக இதையே சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. கேட்கிற முகங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

நோர்வேயின் வட கோடியில், மலைகளைப் பிளந்துகொண்டு கடல் உள்ளே புகுந்த ஒரு ஃபியோர்டில் மின்படகு ஓட்டுகிறேன். பெயர் தர்மினி. என் கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே மீன் வெட்டினவர். அவர் காலத்தில் யாரும் எப்போதும் வரலாம். வந்தவர்கள் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள், அதைப் பார்த்துவிட்டு இன்னும் பத்து மடங்கு பேர் வந்தார்கள். பறவைகள் கூடு கட்ட இடமில்லாமல் போன பிறகுதான் சட்டத்துக்குப் புத்தி வந்தது. இப்போதும் வரலாம், பார்க்கலாம். ஆனால் நீரில் கழித்த நேரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஏறும் முன் ஒரு கையெழுத்து, இறங்கியதும் மறதிக்கூடத்தில் இருபது நிமிடம் நினைவுச் சலவை. பாறைகள் எங்கே இருக்கின்றன என்று யாராவது ஒருத்தர் நினைவில் வைத்திருக்க வேண்டுமே, அதனால் படகோட்டிக்கு மட்டும் விலக்கு. நீரில் நடந்ததைக் கரையில் சொன்னால் அந்த விலக்கும் போய்விடும்.

சலவை காட்சியையும் பேச்சையும்தான் எடுக்கும். மனசில் படிந்த இதம் ஒரு மாதம் வரை தங்கும், அதற்காகத்தான் வருகிறார்கள் என்று நானும் ஆரம்பத்தில் நம்பினேன். பிறகுதான் தெரிந்தது, பாதிப் பேர் பனியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. மறக்கப்போகிற இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்பதற்காகவே வருகிறார்கள்.

அந்த ரகத்தில் மகா மட்டமான ஆள் தேனப்பன். தமிழ்நாட்டில் அணைகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தின் தலைவர். கல்லூரித் தோழிகளான மாதங்கியையும் ஃபௌசியாவையும் அழைத்துக்கொண்டு ஆறு வருடமாக ஜூன் மாதம் வருகிறார். முன்பு வந்துபோனது மூவருக்கும் தெரியும், இங்கே என்ன நடந்தது என்பதுதான் தெரியாது.

மாதங்கி படகில் ஏறியதும் எல்லோருடைய மிதவைச் சட்டையின் கொக்கிகளையும் எண்ணுவாள். எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணுவாள். பிறகு என்னிடம் வந்து, "நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க கேப்டன், நான் எண்ணினா தப்பா வரும்" என்பாள். ஒரு காலத்தில் அவள் பொறியாளர். அவள் கணக்குப் போட்ட மதகு ஒன்று நேரம் தவறித் திறந்து, கீழே கால்வாயில் தூர்வாரிக்கொண்டிருந்த இரண்டு பேரை அடித்துக்கொண்டு போனது. அன்றோடு வேலையை விட்டவள், பத்தொன்பது வருடமாக எதையும் இரண்டு முறை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இன்றும் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. ஃபியோர்டின் உள்கோடியில் கடலில் இறங்கி நிற்கும் பனிச்சுவருக்குக் கீழே படகை நிறுத்தினேன். ஃபௌசியா முறுக்கு டப்பாவைத் திறந்தாள். தேனப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆறாவது முறையாக, முதல் முறை சொல்வதுபோலச் சொன்னார். மதகுக் கணக்கில் நீர்மட்டத்தை மாற்றி எழுதியது, அன்று அவளோடு ஒரே அலுவலகத்தில் இருந்த தான்தானாம். வேலையைச் சீக்கிரம் முடித்துக் காட்டிப் பதவி உயர்வு வாங்கும் ஆசையாம். குரல்கூட அதே இடத்தில்தான் உடைந்தது.

மாதங்கி அவர் மார்பில் குத்தினாள். அழுதாள். வெகுநேரம் கழித்து, மன்னித்துவிட்டேன் என்றாள். கரைக்குப் போனதும் இதை எல்லாருக்கும் சொல்வாயா என்று கேட்டாள். சொல்கிறேன் என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியமும் சலவைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். அழுத களைப்பில் அவளுக்கு அது தோன்றவில்லை. முடிந்த கதையை விடுங்கள் என்று சொல்லி ஃபௌசியா முறுக்கை நீட்டினாள். நல்ல தோழிதான்.

திரும்பி வரும் வழி முழுவதும் மாதங்கி கொக்கிகளைத் தொடவில்லை. கையை நீரில் அளைந்துகொண்டே வந்தாள். ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் வேறு ஆளாக இருப்பாள். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்து வந்த நிம்மதி, அந்தத் தெரிதலோடு சேர்ந்து சலவையில் போய்விடும்.

போன வருடம் பொறுக்க முடியாமல், அவர் தொண்டையைச் செருமும் முன்பே படகில் தேனப்பனைத் தனியே பிடித்து, இதை ஏற்கெனவே நாலு தரம் சொல்லிவிட்டீர்கள் என்றேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை.

"இருக்கும். இங்கேருந்து போனா ஒரு மாசம் நல்லாத் தூங்குறேன் கேப்டன்."

துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. என் லட்சணமும் அவ்வளவுதான். கரையில் ஐந்து தரம், நல்லா இருந்தது என்று சொன்னவள் நான்.

இன்று சலவை முடிந்து மூவரும் வெளியே வந்தார்கள். மாதங்கி குனிந்து ஃபௌசியாவின் பை ஜிப்பை இழுத்துப் பார்த்தாள், இரண்டு தரம். பிறகு தன் வீங்கிய கண்களைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"அழுதிருக்கேன் போல. பனி அவ்வளவு நல்லா இருந்துச்சா?"

தேனப்பன் பின்னால் நின்று கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிதான் என்னைக் கிளப்பியது.

"நீங்கள் அழுதது பனியைப் பார்த்தில்லை" என்றேன். "அந்த மதகுக் கணக்கை மாத்தி எழுதினது இவர். உங்களிலை ஒரு பிழையும் இல்லை. ஆறு வருசமாப் படகிலை வைச்சு உங்களிட்டைச் சொல்லுறார்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். படகில் சொன்னதுதான் அவருக்கு மறந்திருந்தது, செய்தது மறக்கவில்லை. முகம் வெளுத்துப் போய்த் தன் காலணியைப் பார்த்தார். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"நான் என்ன சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

"மன்னிச்சிட்டீங்கள். ஆறு தரமும்."

இந்த முறை குத்தவுமில்லை, அழவுமில்லை. "ஏழாவதா ஒண்ணு கிடையாது, தேனப்பா" என்றாள், சத்தம் உயராமல்.

காவலர்கள் ஓடி வந்தார்கள். அவளை மறுபடி உள்ளே கொண்டுபோக முடியவில்லை. அவள் கையெழுத்துப் போட்டது நீரில் நடந்ததை அழிக்கத்தான், கரையில் கேட்டதை அழிக்க யாருக்கும் உரிமையில்லை. அதனால் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மறதிக்கூடத்தின் முன்னறையில் உட்காரவைத்து, விளக்கம் எழுதச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சற்று நேரத்தில் இருபத்தாறு வருட ஃபியோர்டு போய்விடும். ஒவ்வொரு பாறையும், பனிச்சுவரின் அந்த நீலமும் போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது.

என்னை இழுத்துவரும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். மாதங்கி பேருந்து நிறுத்தத்தை நோக்கித் தனியாக நடந்துகொண்டிருந்தாள். தோள்பையின் ஜிப் முழுவதும் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த சால்வையின் முனை வெளியே தொங்கியது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதை நான் கரையில் வைத்துத்தான் பார்த்தேன். அதில் கைவைக்க இவர்களுக்குச் சட்டம் இல்லை.