இடப்பக்கத்து இருக்கை

காரில் ஏறி உட்கார்ந்ததும் நஸ்லியாவுக்கு முழங்கால் இடித்தது. முந்தின நாள்தான் அந்த இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டிக்கொண்டு, கனமூலையிலிருந்து புத்தளம் டவுன் வரைக்கும் ராசாத்தி மாதிரிப் போய் வந்திருந்தாள். இப்போது அது முன்னுக்கு வந்து நின்றது. நஸ்லியா நல்ல வளர்த்தி; கலியாணம் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள். இந்த இருக்கையோ யாரோ ஒரு கட்டையான பொம்பிளைக்கு அளவாக இழுத்து வைத்தது போல இருந்தது.

பொம்பிளை என்று அவளுக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால், அதற்குப் பதில் இருக்கையின் சூடு. வெயில் சூடு இல்லை அது. கார் விடிய விடிய வேப்பமரத்தின் கீழேதான் நின்றது. பஸ்ஸில் ஒருவர் எழும்பிப் போன இடத்தில் உடனே உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு. இன்னொரு உடம்பின் சூடு.

யாரை ஏற்றினீர்கள் என்று கேட்டாள். யாரையும் ஏற்றவில்லை என்றான் புருசன் அஸ்ஹான். அவன் எப்போதும் அப்படித்தான். மதுரங்குளியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான், கடைக்கு வருகிறவர்களோடு வாய் ஓயாமல் கதைப்பான், வீட்டுக்கு வந்தால் வாயில் பூட்டு. நஸ்லியா இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினாள். அடுத்த நாள் அது மறுபடியும் முன்னுக்கு வந்திருந்தது.

அந்தக் கார் கிடைத்ததே பெரும் பாடு. வெளிநாட்டு வாகனங்கள் வருவதை நிறுத்தி வைத்திருந்த காலம்; பழைய கார் ஒன்று வைத்திருந்தவனெல்லாம் சீமானாக நடந்துகொண்டான். சிலாபத்தில் ஒருவன் அடிபடாத கார் என்று சத்தியம் பண்ணிக் காட்டினான். பொனட் ஒரு வெள்ளை, கதவு வேறொரு வெள்ளை. மாரவிலையில் ஒருவன், காசோடு வந்து நின்றவர்களிடம் வாசலில் வைத்தே விலையைக் கூட்டினான். இன்னொருவன் இவர்கள் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே காரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போனையும் அணைத்துவிட்டான். அலைந்து அலைந்து வெறுத்துப்போய் இருக்கும்போதுதான் எத்தாளையில் ரஸாக் நானாவின் கார் விற்பனைக்கு என்று கேள்விப்பட்டார்கள். வெங்காயத் தோட்டக்காரர். அஸ்ஹான் பயந்து பயந்து சொன்ன விலைக்கு, மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். நஸ்லியாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோசம்தான் வந்தது.

அன்றைக்கு ரஸாக் நானா உள்ளே சாவி எடுக்கப் போயிருந்தார். யன்னல் திரைக்குப் பின்னால் ஒரு பொம்பிளை நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்காரி, கார் போகிற கவலை என்று நஸ்லியா நினைத்தாள். வாகனம் எடுத்தவர்கள் நிற்கிறவர்களை ஏறச் சொல்வது மரியாதை. யாரும் ஏறமாட்டார்கள் என்று தெரிந்துதான் எல்லாரும் சொல்வார்கள். நஸ்லியாவும் அவளை அக்கா முறையில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏறுங்க தாத்தா, ஒரு சுத்துப் போயிட்டு வருவம்."

திரை அசைந்தது. அவ்வளவுதான். அவர்கள் வந்துவிட்டார்கள்.

பிறகு மணம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியை வீட்டு நடுவில் வைத்துத் திறந்தால் ஒரு மணம் வருமே, சவர்க்காரமும் ஊது அத்தரும் தைலமும் கலந்து, அதேதான். கண்ணாடியை இறக்கிக் கொண்டு ஓடினாலும் போகவில்லை. இருக்கை உறையைக் கழற்றித் தோய்த்துக் காயப்போட்டாள். காய்ந்த உறையில் மணம் முன்னைவிடக் கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து வந்ததும் அஸ்ஹான் வீட்டுக்குள் வருவதை நிறுத்தினான். நேரே காருக்குள் போய், கண்ணாடிகளை உயர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பான். நஸ்லியா குசினி யன்னலால் பார்த்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவுவதை மறந்து பார்த்தாள். அவன் முகத்தை இடப்பக்கம் திருப்பிக் கதைத்துக்கொண்டிருந்தான். கையை ஆட்டி ஆட்டி. இடையில் நிறுத்தி, எதையோ கேட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தான். கலியாணம் முடித்த புதிதில் நஸ்லியா ஒரே ஒரு தடவை பார்த்த சிரிப்பு அது. அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று அவளுக்கே தெரியாமல் இருந்தது. இங்கேதான் இருந்திருக்கிறது, இன்னொருத்திக்காக.

போனில் யாரோடோ கதைக்கிறான், எவளோ ஒருத்தி, கடைக்கு வருகிறவளாக இருக்கும், என்று பல்லைக் கடித்தாள். அப்போது அவனுடைய போன் அடித்தது. அவளுக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டியின் மேலே, சார்ஜில் போட்டபடி கிடந்து அடித்தது.

வெளியே அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

காரை விற்க வேண்டும் என்று அன்றிரவே ஒற்றைக் காலில் நின்றாள். அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், உம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அஸ்ஹான் இணையத்தில் விளம்பரம் போட்டான். வாங்கும்போது பட்ட பாட்டை விற்கும்போதும் பட வேண்டும் போலும். முதலில் கற்பிட்டி சாஹுல் ஹமீது என்று ஒரு தரகர் வந்தார். காரை எடுத்துக்கொண்டு பாலாவி வரைக்கும் ஓடிப் பார்த்து, வீட்டில் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் சாப்பிட்டு, இல்லாத நொட்டையெல்லாம் சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான். போகும்போது காருக்குள் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். மரியாதைக்காரர் என்று நஸ்லியா நினைத்தாள். அஸ்ஹான் காருக்கு வெளியே, தன் பக்கத்தில் நிற்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்தது ஒரு இளம் சோடி. முன்கதவைத் திறந்த பெண், "சொறி" என்று மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்துவிட்டு அதை மெதுவாகச் சாத்தி, பின்சீட்டில் போய் ஏறினாள். ஓடிப் பார்த்து வந்தவர்கள் விலையைக்கூடக் கேட்கவில்லை.

மூன்றாவதாக வந்தவள் சுஜீவா, உடப்பில் படிப்பிக்கிற டீச்சர். கார் அவளுக்குப் பிடித்திருந்தது. அஸ்ஹானோடு ஓடிப் பார்க்கப் போகும்போதே முகம் மலர்ந்துதான் போனாள். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. நஸ்லியாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தனக்கு வேண்டாம் என்றாள்.

"ஏன் மிஸ்? விலை கூடவா?"

"விலை இல்லை. அவாவுக்கு விக்க விருப்பமில்லைப் போல. வழி முழுக்க ஒண்டுமே கதைக்கேல்லை, என்னையே பாத்துக்கொண்டு வந்தா. மனமில்லாத ஆக்களிட்ட நாங்கள் சாமான் வாங்கிறேல்லை."

"யாரு?"

"முன்னுக்கு இருந்தவா. அவற்ற மனுசி."

"நான்தான் அவர்ட பொஞ்சாதி" என்றாள் நஸ்லியா.

சுஜீவா அவளைப் பார்த்தாள். பாவம் பார்க்கிற பார்வை. புருசனை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, அது தெரியாமல் சமைத்துக்கொண்டிருக்கிறவளைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை நஸ்லியா சாகும்வரைக்கும் மறக்கமாட்டாள். பயந்திருக்க வேண்டிய நேரத்தில் அவளுக்கு வெட்கமும் ஆத்திரமும்தான் வந்தது.

மறுநாள் காலையில், அஸ்ஹானிடம் சொல்லாமல், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எத்தாளைக்கு பஸ் ஏறினாள்.

ரஸாக் நானா முற்றத்தில் சாக்கு விரித்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். நஸ்லியா உட்காரவில்லை. உங்கள் பொஞ்சாதியைக் கூப்பிடுங்கள், ஒரு கதை இருக்கிறது என்றாள். அவர் தலை நிமிராமல், ஜெய்னம்பு மவுத்தாகிவிட்டாள் என்றார். குவைத்தில் யார் யாருடையவோ வீடுகளில் கிடந்து உழைத்து அனுப்பிய காசில் வந்த கார் அது. கார் வாசலுக்கு வந்த கிழமையே அவளும் வந்து இறங்கினாள். வந்த காய்ச்சல் அவளை மண்ணுக்குள் கொண்டுபோய்த்தான் விட்டது. ஒரு நாள்கூட அதில் ஏறவில்லை. நாங்கள் கார் எடுக்க வந்ததற்கு முன்னாலா என்று நஸ்லியா கேட்டாள். எத்தனையோ மாதத்துக்கு முன்னால் என்றார்.

நஸ்லியா யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அண்டைக்குத் திரைக்குப் பின்னால நிண்டது?"

கத்தி நின்றது. அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அவட்ட என்ன சொன்னீங்க?"

ஏறச் சொன்னேன், சும்மா ஒரு மரியாதைக்கு, என்றாள் நஸ்லியா. அவர் கத்தியைச் சாக்கின் மேல் வைத்தார். வெங்காயத்தின் கார மணத்தை உப்புக் காற்று தள்ளிக்கொண்டு வந்தது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நானும் அதே காருக்குள்ள இருந்து எத்தின நாள் கூப்பிட்டிருப்பன். வரல்ல. அங்க அவ சிரிக்கிறாவா, தங்கச்சி?"

அந்த முகத்தில் துக்கம் இல்லை. நஸ்லியாவுக்கு அது என்னவென்று உடனே விளங்கியது. குசினி யன்னலில் நிற்கும்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கண்டாள். காரைத் திருப்பி எடுங்கள், அரைவாசிக் காசு தந்தால் போதும் என்று கெஞ்சினாள். காரை எடுக்கலாம், அவள் வரவேண்டுமே என்றார் அவர்.

"அவவுக்கு காரு பெரிசில்ல. இவ்வளவு காலமும் மத்தவங்கட ஊட்டுல இருந்தவ. ஊடுதான் பெரிசு."

நஸ்லியா ஊர் வந்து சேர அஸர் ஆகிவிட்டது. கார் வேப்பமரத்தடியில் இயங்கிக்கொண்டு நின்றது. உள்ளே அஸ்ஹான். முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. புத்தியுள்ளவளாக இருந்தால் மகளைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடியிருப்பாள். அவளும் ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்குப் பயம் மறந்துபோனது, ரஸாக் நானா மறந்துபோனார், உள்ளே இருப்பவள் மையித்து, செத்தவள், என்பதும் மறந்துபோனது. என் மாப்பிள்ளை. என் இடம். போய் இடப்பக்கக் கதவைப் படாரென்று திறந்தாள்.

ஒருவரும் இல்லை.

ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் இடித்தது. இருக்கையைத் தள்ளவில்லை, காலை மடக்கி, தோளை ஒடுக்கி, அந்தக் குழிக்குள் தன்னை அமுக்கிக்கொண்டாள். சூடாக இருந்தது. பெல்ட்டை இழுத்துப் போட்டாள். அஸ்ஹான் காரை எடுத்தான்.

உப்பளங்களின் பக்கமாக ஓடினார்கள். பாத்திகளில் தண்ணீர் செம்மஞ்சளாகக் கிடந்தது, கழுதைகள் இரண்டு வீதியோரம் அசையாமல் நின்று கார் போவதைப் பார்த்தன. அஸ்ஹான் கதைத்தான். கடையைக் கொஞ்சம் பெரிசாக்க வேண்டும் என்றான், சின்ன வயதில் களப்பில் வள்ளம் கவிழ்ந்த கதையைச் சொன்னான், இரவில் தூக்கம் வராமல் தவிக்கிற காரணத்தைச் சொன்னான். இத்தனை வருசம் அவனோடு படுத்து எழும்பியும் நஸ்லியா கேட்டிராத கதைகள். ஒவ்வொன்றும் அவளுக்கு இனித்தது. ஒவ்வொன்றும் யாருக்குச் சொல்லப்படுகிறது என்று நினைக்க நெஞ்சு எரிந்தது. அவன் அவளுடைய கையைப் பிடித்தான்.

"ஜெய்னம்பு" என்றான்.

அந்தப் பெயரை அவள் அவனுக்குச் சொல்லவே இல்லை.

நான் நஸ்லியா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கையை எடுப்பான். முகத்தை ரோட்டுக்குத் திருப்புவான். வாயில் மறுபடியும் பூட்டு.

"ஓம், நான்தான்" என்றாள்.

அவன் சிரித்தான். அவளைப் பார்த்துத்தான் சிரித்தான். முழங்கால் இப்போது இடிக்கவில்லை. இருக்கை அளவாக இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். கால்கள் கட்டையாக இருந்தன. கைகள் காய்த்து, வெந்நீரில் ஊறிய தோலாக. அவளுடைய கைகள் இல்லை.

கத்தினாள். சத்தம் வரவில்லை.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது கார் வாசலில் வந்து நின்றது. கேற்றைத் திறந்துவிட்டது ஒரு பொம்பிளை. நல்ல வளர்த்தி. நஸ்லியாவின் பச்சைச் சட்டை. தலையில் நஸ்லியாவின் சால்வை. இடுப்பில் மகள்.

அஸ்ஹான் இறங்கிப் போனான். அவள் ஏதோ கேட்டாள். அவன் ஒரு சொல்லில் பதில் சொன்னான். அது அவளுக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. சுவரைத் தொட்டாள், கதவு நிலையைத் தடவினாள், பிள்ளையின் கழுத்தில் முகம் வைத்து முகர்ந்தாள். பெல்ட்டை இழுத்தாள் நஸ்லியா. கழலவில்லை. கதவு. திறக்கவில்லை. கண்ணாடியில் அறைந்தாள். அறைந்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. விளக்கு எரிந்தது.

"உம்மா" என்று மகள் கூப்பிடுவது கேட்டது.

"என்ன மகள்?" என்றது, வீட்டுக்குள்ளிருந்து, நஸ்லியாவின் குரல்.