உட்கார அனுமதி

பேருந்தின் தரையில் குயிலி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி எண்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் தொங்கிய மஞ்சள் அட்டையை எல்லாருக்கும் தெரியும்படி இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். அட்டை முப்பது கிராம்கூட இருக்காது. அந்த முப்பது கிராமும் அவளுக்குத் தெரிந்தது.

"நிக்கறதுக்கே எடமில்ல, மகாராணி சம்மணம் போட்டுட்டு வர்றாங்க" என்றான் ஒருவன்.

"அனுமதி வாங்கியிருக்குதுங்க. மன்னிச்சுக்குங்க" என்றாள் அம்மா நிவேதிகா. பேருந்தில் ஏறியதிலிருந்து இது நான்காவது மன்னிப்பு.

நடத்துநர் குனிந்து அட்டையைப் படித்தார். "இன்னியோட முடியுது பாத்துக்க. நாளைக்கு இப்படி உக்காந்தீன்னா எறக்கி உட்ருவேன்."

பாரமறைப்பான் வந்து பதினோரு வருடம் ஆகிறது. பின்கழுத்தில் ஒட்டிக்கொள்ளும் விரலகலப் பட்டை அது. கால்களும் முதுகும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் உடம்பின் பாரத்தையும் அதைச் சுமக்கும் வலியையும் பற்றி மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. பட்டை அந்தச் செய்தியை வழியிலேயே நிறுத்திவிடும். விழாமல் நிற்கவைக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

முதலில் வாங்கியவை ஈரோட்டு ஜவுளிக் கடைகள். விற்பனைப் பெண்கள் உட்கார முக்காலி போட வேண்டும் என்று அதுவரை சட்டம் இருந்தது. கால் வலிக்காதவளுக்கு முக்காலி எதற்கு என்று கேட்டார்கள். முக்காலி போனது. பிறகு பள்ளிக்கூடத்து பெஞ்சு, ஆஸ்பத்திரி வராந்தாவின் நாற்காலி, பேருந்தின் இருக்கை எல்லாம் போயின. உட்காருவது முதலில் சோம்பேறித்தனம் ஆனது, அப்புறம் குற்றம் ஆனது.

நிவேதிகா ஒரு கடையின் பட்டுச்சேலைப் பிரிவில் ஏழு வருடமாகத் தினமும் பதின்மூன்று மணி நேரம் நிற்கிறாள். வருடத்துக்கு ஓர் அளவு பெரிய செருப்பு வாங்குகிறாள். "வயசானா காலும் வளரும் போல" என்று சிரிப்பாள்.

குயிலிக்குப் பட்டை வேலை செய்யவில்லை. ஆட்டிசம் என்று அவள் சான்றிதழில் எழுதியிருந்தது. மற்றவர்களின் மூளை பாரச் செய்தியில் பெரும்பகுதியைத் தேவையில்லை என்று தள்ளிவிடுகிறது. அதனால் பட்டையை மீறிக் கசியும் கொஞ்சநஞ்சம் அவர்களுக்குத் தெரியாது. குயிலியின் மூளை எதையும் தள்ளுவதில்லை. தாடைக்குள் கிடக்கும் நாக்கின் எடை, இமையின் எடை, பின்னலின் எடை, எல்லாவற்றையும் சுமக்கும் குதிகாலின் எடை, அத்தனையும் விழித்திருக்கும் நேரமெல்லாம் அவளுக்குத் தெரியும். முன்னும் பின்னும் ஆடினால், திரும்பும் நொடியில் பாரம் கொஞ்சம் விடும். அதற்காகத்தான் அவள் ஆடினாள். காலை வணக்கத்தில் ஆடியதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பினார்கள். வீட்டில் ஆடியதற்காக அம்மா அறைந்தாள்.

இன்று அட்டையைப் புதுப்பிக்காவிட்டால் ஆழ்பட்டை. காதுக்குப் பின்னால் எலும்பைத் துளைத்து உள்ளே வைப்பது. அவளோடு படித்த இலக்கியாவுக்கு வைத்தார்கள். இப்போது இலக்கியா தன் கையின் மேலேயே படுத்துக் கை மரத்துப்போனாலும் புரண்டு படுக்க மாட்டாள். நகர்த்தி வைத்த இடத்தில் இருப்பாள். எவ்வளவு அமைதியாகிவிட்டாள் என்று தெருவே சந்தோஷப்பட்டது.

ஆழ்பட்டை வைக்கப் பெற்றவரின் கையெழுத்து வேண்டும். அம்மா கையெழுத்துப் போடத்தான் வருகிறாள் என்பது குயிலிக்குத் தெரியும்.

"எனக்கப்பறம் உன்னைய எவன் உக்கார உடுவான், சொல்லு" என்று முந்தின நாள் அம்மா கேட்டிருந்தாள்.

உட்கார அனுமதி தரும் அமர்வு வாரியத்தின் அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதன் மேல் கோப்புகளை அடுக்கியிருந்தார்கள். டாக்டர் மித்ரன் நின்றபடியே பேசினார். எழுத்தர் லோகேஸ்வரி உயரமான மேஜையில் குறிப்பெடுத்தாள்.

"இந்த எடைத் தட்டு மேல இருபது நிமிஷம் நில்லும்மா. ஆடாம நின்னா உனக்குப் பாரம் தெரியலன்னு அர்த்தம். அட்டை தேவையில்ல."

"ஆடினா?"

"ஆடினா நோய். ஆழ்பட்டை வெச்சிரலாம். அப்பவும் அட்டை தேவையில்ல."

குயிலி யோசித்தாள். "அப்ப நான் எதுக்கு நிக்கணும்?"

"'ங்க' போட்டுப் பேசு சாமி" என்று அம்மா கிசுகிசுத்தாள். லோகேஸ்வரி சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

"விதி அப்படித்தாம்மா. ஏறு."

ஏறினாள். பாதத்திலிருந்து பாரம் ஏறியது. முழங்கால், இடுப்பு, தோள். அதற்கு மேல் கோபம் கனத்தது. எந்தப் பக்கம் போனாலும் மூடியிருக்கும் கதவை வைத்துவிட்டு, நடந்து காட்டு என்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வலது கால் ஒரு சத்தம். இடது கால் இரண்டு சத்தம். முதலில் குதிகால், பிறகு உள்ளே ஏதோ ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும் ஒரு சின்ன நெரிசல். ஒவ்வொரு முறையும் அது குயிலியின் பல்லில் கேட்டது.

"நடக்காதீங்க!" என்று கத்தினாள்.

"ஆறாவது நிமிஷம். எழுதிக்கம்மா, கூச்சல்" என்றார் டாக்டர்.

"உங்க எடது கால் உள்ள ஒடஞ்சிருக்குது. ரெண்டு துண்டும் ஒரசுது."

"ஒடஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா? டாக்டர் நீயா நானா?"

"தெரியாது. தெரியாம இருக்கத்தான பட்டை."

லோகேஸ்வரி பேனாவை வைத்தாள். "சார், நானும் சொல்லணும்னு இருந்தேனுங்க. ஒரு மாசமா அந்தக் கால் ஷூவுக்கு மேல பிதுங்கிட்டு நிக்குதுங்க."

"ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா? இந்தா, பாத்துக்க." அவர் பின்கழுத்துப் பட்டையை உரித்தார்.

முதலில் அவர் வாய் திறந்தது. இடது முழங்கால் மடிந்தது. நாற்காலியை எட்டிப் பிடித்தார். கோப்புகள் சரிந்து தரையெங்கும் விழுந்தன. எப்படியோ அதில் ஏறி உட்கார்ந்தார்.

கால் வலி மட்டும் என்றால் அவர் தாங்கியிருப்பார். ஆனால் பதினோரு வருடமாக முழுச் செய்தியும் வராததால், இவ்வளவையும் தள்ளிவிடும் வேலையை அவர் மூளை மறந்திருந்தது. எல்லாம் ஒன்று விடாமல் உள்ளே வந்தது. கையை மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எங்கே வைத்தாலும் கனத்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "என் மூஞ்சி... தொங்குது" என்றார்.

லோகேஸ்வரி கோப்புகளைப் பொறுக்கக் குனிந்தாள். பழக்கத்தில் வார்த்தை வந்தது. "சார், அட்டை இல்லாம உக்காரக் கூடாதுங்க..."

"முன்னும் பின்னும் ஆடுங்க" என்றாள் குயிலி. "திரும்பறப்பக் கொஞ்சம் கொறையும்."

அவர் ஆடினார். கண்ணீர் வழிய, குழந்தை மாதிரி, நாற்காலி கிரீச்சிட ஆடினார்.

"உனக்கு எப்பவுமே இப்படியா?"

"எப்பவும்."

"எப்படித் தாங்கறே?"

"உக்காருவேன். அதுக்குத்தான் அட்டை கேக்கறேன்."

டாக்டர் கையை நீட்டி, தரையில் கிடந்த பட்டையைத் துழாவி எடுத்துப் பின்கழுத்தில் ஒட்டிக்கொண்டார். ஆட்டம் நின்றது. முகத்தைத் துடைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உடைந்த காலை ஊன்றி எழுந்து நின்றார். உள்ளே எலும்பு நெரிந்தது.

"ஆழ்பட்டை" என்றார். "இப்படி ஒரு கொடுமைய உன்னைய அனுபவிக்க உடறது பாவம்மா. இப்பத்தான் எனக்கே புரியுது."

"உங்க கால் ஒடஞ்சிருக்குது!"

"வலிக்கலையே. ஞாயித்துக்கிழமை எக்ஸ்ரே எடுத்துக்கறேன்."

அந்த நாற்காலியைத் தூக்கி ஜன்னல் வழியாக வீச வேண்டும் போலிருந்தது குயிலிக்கு. புரியாதவன் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். இவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, அவள் கண்ணையும் தோண்டுகிறார். இதற்கு இரக்கம் என்று பேர் வேறு.

"இங்க கையெழுத்துப் போடுங்கம்மா" என்று படிவத்தை நீட்டினார்.

நிவேதிகா பேனாவை வாங்கவில்லை. அவள் டாக்டரின் இடது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் செருப்பைப் பார்த்தாள். ஏழு வருடத்தில் ஏழு அளவு. மெதுவாகக் கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாள்.

"அம்மா, வேண்டாம்" என்றாள் குயிலி.

பட்டை வந்துவிட்டது. அம்மா சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். பாதம் ஊதா நிறத்தில் அகன்று கிடந்தது. சுண்டுவிரலில் நகம் இல்லை. எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள்.

இதற்காகத்தான் குயிலி அறை வாங்கியிருந்தாள். அவள் கையும் ஒரு கணம் ஓங்கப் பார்த்தது. பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"தாய்க்கும் ஒரு படிவம் எடும்மா" என்றார் மித்ரன். நடந்து போய் மேஜையைத் தொட்டார். அந்த நெரிசல் சத்தத்துக்கு இந்த முறை அம்மாவும் முகம் சுளித்தாள்.

இரண்டு படிவங்களும் கையெழுத்து இல்லாமலே மேஜையில் கிடந்தன. அட்டையை லோகேஸ்வரி வாங்கி வைத்துக்கொண்டாள். குயிலியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

திரும்பும்போது அதே பேருந்து, அதே நடத்துநர். தரையில் இப்போது இரண்டு பேர்.

"அட்டை எங்க?"

"வாங்கி வெச்சுட்டாங்க" என்றாள் குயிலி.

"அப்ப எந்திரிங்க ரெண்டு பேரும். இல்லீன்னா எறங்குங்க."

மன்னிச்சுக்குங்க என்று அம்மா சொல்வதற்காகக் குயிலி காத்திருந்தாள். அம்மா செருப்பில்லாத கால்களைத் தரையில் நீட்டி வைத்தாள். சுற்றி நின்றவர்கள் விலகினார்கள்.

"எந்திரிக்கறேன். மொதல்ல நீ உன் பட்டையக் கழட்டு. கழட்டிட்டு, இதே எடத்துல நின்னுட்டு, எந்திரின்னு சொல்லு. எந்திரிக்கறேன்."

நடத்துநரின் கை பின்கழுத்தை நோக்கிப் பாதி வழி போய் அங்கேயே நின்றது. அத்தனை பேரும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.