412-க்குப் பின்னால் இரண்டு சுழியம்

காலை 11.20. பாகூர் அருகே ஒரு தனியார் மேல்நிலைப்பள்ளி. டீ குடித்த ஐந்தாம் நிமிடம் தலைமையாசிரியர் சாமிநாதன் மேசையிலேயே சரிந்தார். ஆம்புலன்ஸ் போன பிறகும் பிள்ளைகள் வகுப்புக்குள் போகவில்லை.

பகல் 12.45. வேதியியல் ஆய்வகம். சப்-இன்ஸ்பெக்டர் ஃபைஜாவின் கைப்பேசி அதற்குள் மூன்று முறை அடித்துவிட்டது. எந்த விஷம் என்று தெரிந்தால்தான் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும் என்றார் டாக்டர்.

எதிரே ஆய்வக உதவியாளர் செல்வகுமாரி, அழுது முகம் வீங்கி. டீ வாங்கி வந்தவள் அவள். விஷப் புட்டி இருக்கும் அலமாரியின் சாவியும் அவளிடம்தான்.

“டீய வச்சிட்டு இன்னா பண்ணே?”

“வெளிய வந்துட்டேன் மேடம். எழிலரசன் சார் உள்ள பேசிக்கினு இருந்தாரு.”

வேதியியல் ஆசிரியர் எழிலரசன் பதிவேட்டை நீட்டினார். “ஜூன்ல புட்டி எடை 412.00 கிராம். இப்ப உங்க எதிர்லயே புதுத் தராசுல வச்சோம், 411.62. புள்ளி மூணு எட்டு கிராம் குறையுது. ஒரு ஆளுக்கு அது போதும் மேடம்.”

“ஜூன்ல எடை போட்டது?”

“நான்தான்,” என்றாள் செல்வகுமாரி. “அந்தப் பழைய தராசுல.”

“பதிவேடு யார்கிட்ட இருந்தது?”

“அன்னிலேர்ந்து என் பீரோவுல, பூட்டி. வேற யாரும் தொடல,” என்றார் எழிலரசன்.

ஃபைஜா புட்டியைப் பழைய தராசில் வைத்தாள். திரையில் 412. புள்ளியே இல்லை.

“நானும் பிசிக்ஸ் படிச்சவதான் சார். இது முழு கிராம்தான் காட்டும். ஜூன்ல இருந்தது 411.6-ஆ, 412.4-ஆ, யாருக்கும் தெரியாது. அதுலேர்ந்து 411.62-ஐக் கழிச்சா வர்ற புள்ளி மூணு எட்டுக்கு அர்த்தமே இல்ல. புட்டியிலேர்ந்து எதுவும் போகாமலே இருக்கலாம்.”

ஃபைஜா பதிவேட்டில் 412.00 மேல் விரல் வைத்தாள்.

“செல்வகுமாரி எழுதினது வெறும் 412. தராசு காட்டாத ரெண்டு சுழியத்த அவ எங்கேர்ந்து எழுதுவா? இந்தக் கணக்கு தெரியாதவரு அப்படியே விட்டிருப்பாரு. வெறும் 412-ஐ வச்சு குறைஞ்சதுன்னு காட்ட முடியாதுன்னு தெரிஞ்சவர்தான் சுழியம் போட்டாரு. பீரோ சாவி உங்ககிட்ட. டீ பக்கத்துல இருந்ததும் நீங்க. புட்டி குறைஞ்சதுன்னு பொய்யா காட்டப் பாத்ததுலயே தெரியுது, விஷம் இந்தப் புட்டியிலது இல்ல. வேற இன்னா கலந்தீங்க? அங்க ஒரு உசுரு போய்க்கினு இருக்கு, சொல்லுங்க!”

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “வினாத்தாள நான்தான் வெளிய விட்டேன்னு இன்னிக்கு மேலிடத்துக்கு எழுதறேன்னாரு எச்.எம்... எங்க கரும்புக்கு அடிக்கிற பூச்சிமருந்து.”

பெயரைக் கேட்டு வாங்கி டாக்டருக்குச் சொன்னபோது மணி 1.05.

மாலை 5.40. அழைப்பை முடித்த ஃபைஜா திரும்பினாள். “கண்ணு முழிச்சிட்டாராம்.”

செல்வகுமாரி ஆய்வகத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.