தாத்தா கடித்த கட்டை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கொடி பறந்த காலம். கோட்டையின் பெரிய அதிகாரிக்குக் குடை பிடிப்பவர் ரங்கம்மாளின் பெரியப்பா சீனிவாசன். மழை பெய்தால் அதிகாரி நனையமாட்டார். பெரியப்பா தொப்பலாக நனைவார். ஆனாலும் அதிகாரி தூக்கிப்போட்ட பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் நடந்தால், கோட்டையே அவருடையதோ என்று தோன்றும்.

பெரியப்பாவின் அப்பா கருப்பன் தாத்தா இறந்து அன்றைக்கு ஒரு வருஷம். குடும்பமே ஏரிக்கரையில் கூடியிருந்தது.

தாத்தா ஏரியில் தவழ்ந்துபோய்க் கையாலேயே தடவி இறால் பிடித்தவர். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். அதனால் இறாலைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார். அந்தக் கூடைக்குப் பறி என்று பெயர். ஓலை நைந்தால் புதுப் பறி முடைவார். கடிப்பதற்காக அதில் கட்டியிருக்கும் சின்னக் கட்டையை மட்டும் மாற்றமாட்டார். வாலிபத்திலிருந்தே ஒரே கட்டைதான்.

வருஷம் முடிந்ததும் அந்தப் பறியைத் தாத்தாவின் செல்லப் பேரப்பிள்ளை ஏரியில் இறக்கவேண்டும். பிறகு பறி அந்தப் பிள்ளைக்கே சொந்தம். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். வீரச் சின்னங்கள் செதுக்கிய ஒல்லாந்தர் கல்லறைகளைப் பார்த்துப் பார்த்து, செத்தவர்கள் எல்லாரும் மாவீரர்கள் என்று அவர் நம்பிவிட்டிருந்தார். தாத்தா ஒரு சிங்கம் என்றார். பேரைக் கேட்டாலே எதிரிகள் நடுங்குவார்கள் என்றார்.

தாத்தாவுக்கு எதிரிகளே கிடையாது. வழியில் கொக்கு நின்றால்கூட, அதற்குத் தொந்தரவு வேண்டாமென்று சுற்றிக்கொண்டு போவார். பிள்ளைகளுக்கு இறாலை உரித்து ஊட்டிவிட்டு, தலைகளைத் தனக்கு வைத்துக்கொள்வார்.

"நைனாவோட செல்லப் பேரன் எம்புள்ள தருமன்தான்" என்று பெரியப்பா முடித்தார்.

தருமன் நெஞ்சை நிமிர்த்தினான். "என்ன மட்டுந்தான் தண்ணிக்குள்ள கூட்டிம்போயி பறியக் கடிக்க உடுவாரு. யாருகிட்டயும் சொல்லாதடானு சொன்னாரு."

ரங்கம்மாளுக்கு வயிறு எரிந்தது. பச்சைமிளகாயைக் கடித்ததுபோல் காது வரைக்கும் சூடு ஏறியது. அவளையும்தான் தாத்தா கூட்டிப்போனார். அவளிடமும்தான் யாரிடமும் சொல்லாதே என்றார். அதை நம்பி இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா பெரிய பேரன்? என்னியுந்தான் கடிக்க உட்டாரு. பல்லுத் தடம் இருக்கும் பாரு" என்று பறியைப் பிடுங்கினாள்.

கட்டையின் நடுவில் தாத்தா கடித்துக் கடித்துத் தேய்ந்த பள்ளம். ஓரத்தில், அவளுடைய உடைந்த முன்பல்லின் தடம். பக்கத்திலேயே தருமனின் கோணல் பல் தடம். அதற்கும் பக்கத்தில் அரிசி அரிசியாக ஒரு குட்டித் தடம்.

ரங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தையின் மகன் சின்னதம்பி எல்லாருக்கும் பின்னால் நின்றான். தாத்தா சொல்லாதே என்றதால், அந்தப் பொடியன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கண்கள் மட்டும் நிரம்பியிருந்தன.

ரங்கம்மாள் குட்டித் தடத்தின்மேல் கட்டைவிரலை வைத்தாள். தடம் மறைந்தது. விரலை எடுக்காமலிருந்தால் போட்டிக்கு ஒரு ஆள் குறைவு.

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"சின்னதம்பியும் கடிச்சிருக்கான்" என்றாள்.

கட்டையைத் திருப்பினாள். மறு ஓரத்தில் கறுத்துப்போன பழைய தடம் ஒன்று. முன்பற்களுக்கு நடுவே பெரிய சந்து. அந்தக் குடும்பத்தில் அப்படியொரு சந்து ஒரே ஒருவர் வாயில்தான் உண்டு. எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

பெரியப்பா தொப்பியைக் கழற்றினார். "யாருகிட்டயும் சொல்லாதனு சொன்னாரு" என்றார் மெதுவாக. "என்ன மட்டுந்தான்னு நெனச்சிருந்தேன்." பிள்ளைகள் மூவரையும் அவர் பார்த்த பார்வையில் ரங்கம்மாளுடையதைவிடப் பெரிய பொறாமை இருந்தது.

"அப்போ எல்லாருமே செல்லம்தான்" என்றாள் ரங்கம்மாள். "ஆளுக்கொரு இறால் புடிச்சி, பறிய அடுத்தவங்களுக்குக் குடுப்போம். மொதல்ல சின்னதம்பி."

அப்படியே இறங்கினார்கள். பெரியப்பாவின் முறை வந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "எங்க நைனா ஒரு சிங்கம்..." என்று மறுபடி ஆரம்பித்தார். ரங்கம்மாள் பறியை அவர் வாயில் கொடுத்தாள். அதைக் கடித்துக்கொண்டு யாராலும் பிரசங்கம் செய்ய முடியாது.

பறி திரும்பி வந்ததும் அவள் கட்டையை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தாள். எல்லாத் தடத்திலும் அவளுடையதுதான் ஆழம்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.